பழைய வீட்டு அட்டாச்டு பாத்ரூமைப் புதுப்பிக்க: டைல்ஸ் கடைக்குப் போகும் முன்னும் பின்னும்

எங்கள் வீடு தக்கலைக்கும் திங்கள்சந்தைக்கும் இடையில் ஒரு சிற்றூரில் இருக்கிறது. 1988இல் வளைகுடாப் பணத்தில் கட்டியது. பெரிய படுக்கையறையோடு சேர்த்துப் பாத்ரூம் வைத்தது அந்தக் காலத்தில் தெருவே வந்து பார்த்த அதிசயம். அளவு 5க்கு 7 அடி. இளம்பச்சைச் சதுர டைல்ஸ், ஓரத்தில் இந்தியன் கிளாசெட், இரும்புக் குழாய்கள், சாரல் அடித்தால் மூட வராத ஒரு மர ஜன்னல்.

இதை நாங்கள் இரண்டு முறை புதுப்பித்தோம். முதல் முறை நேராக நாகர்கோவிலில் ஒரு டைல்ஸ் கடைக்குப் போனோம். பிடித்ததை எடுத்தோம், பழைய டைல்ஸ் மேலேயே ஒட்டினோம். இரண்டு மழைக்காலம் தாண்டவில்லை. படுக்கையறைச் சுவரில் அலமாரிக்குப் பின்னால் பெயிண்ட் கொப்புளம் விட்டது, உப்பு பூத்தது. இரண்டாம் முறை வந்த கொத்தனார் வயதானவர். டைல்ஸ் படங்களை நீட்டியபோது வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "தண்ணி எங்க நிக்குன்னு மொதல்ல பாப்போம் தம்பி, டைல்ஸ் பொறவு எடுக்கலாம்" என்றார். கீழே வருவதெல்லாம் அந்த வரிசைதான். சாக்கடைக் குழாயில் தொடங்கி மேலே வர வேண்டும். டைல்ஸ் கடை பாதி வழியில்தான் வரும்.

எப்போது தொடங்குவது

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை. இடவப்பாதியில் (ஜூன் தொடக்கம்) தென்மேற்குப் பருவம், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவம். நடுவில் ஈரம் முழுதாகக் காய்வதே இல்லை. நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு பிடிக்கச் சுவரும் தரையும் உள்ளே வரை காய்ந்திருக்க வேண்டும். ஆகவே பொங்கல் முடிந்து தொடங்கி ஏப்ரலுக்குள் முடிப்பதுதான் பாதுகாப்பு. மாசியில் மண்டைக்காடு கொடை பத்து நாள், அதையடுத்து ஈஸ்டர் வாரம். இரண்டிலும் ஆள் வராது. பாதியில் நின்றால் மாற்றுப் பாத்ரூம் இல்லாத வீட்டில் திண்டாட்டம்தான். ஆள் ஒழுங்காக வந்தால் இந்த அளவு அறைக்கு மூன்று வாரம் போதும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது

இடிப்பதற்கு ஒரு வாரம் முன்பே இதைச் செய்யுங்கள். இடித்த பிறகு கண்டுபிடிக்க முடியாது.

எல்லாக் குழாயையும் மூடிவிட்டு இரவில் மேல்தொட்டியின் மட்டத்தைக் கோடு போட்டு வையுங்கள். யாரும் தண்ணீர் எடுக்காமலே காலையில் இறங்கியிருந்தால் சுவருக்குள் குழாய் ஒழுகுகிறது. இறங்கவில்லை என்றால், தரையில் தண்ணீர் வெளியேறும் நானி டிராப்பை ஈரத்துணியால் அடைத்து ஒரு அங்குலத் தண்ணீர் தேக்குங்கள். மறுநாள் குறைந்திருந்தால், அல்லது பக்கத்து அறைச் சுவரின் அடியில் ஈரம் கூடியிருந்தால், தரைதான் குற்றவாளி. மூன்றாவது சோதனைக்கு வேண்டியது ஒரு அடிச் சதுரப் பாலிதீன் தாள். படுக்கையறைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு அடியில் சுவரோடு ஒட்டி ஈரம் நின்றால் அது சுவருக்குள்ளிருந்து வருவது. தாளின் வெளிப்பக்கம் நனைந்தால் அது அறைக் காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகும்.

கல்குளம், விளவங்கோடு பக்கம் பழைய வீடுகளில் பல வெட்டுக்கல் (செம்புறைக்கல்) சுவர்கள். அந்தக் கல் பஞ்சு மாதிரி, தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும். கடலோர ஊர்களில் வேறு தொல்லை. அந்தக் காலத்தில் கடல் மண் கலந்து பூசிய சுவர் என்றால் உப்பு அதற்குள்ளேயே இருக்கிறது, எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் பூக்கும். அந்தப் பூச்சைக் கல் தெரியும்வரை கொத்தி எடுப்பதைத் தவிர வழியில்லை.

"கீழ்த்தளம்தானே, கசிந்தால் மண்ணுக்குள் போகட்டும்" என்று சொல்பவர்கள் உண்டு. எங்கள் முதல் கொத்தனாரும் அதையே சொன்னார். போவது மண்ணுக்குள் மட்டும் இல்லை, சுவர் வழியாக மேலேயும்தான்.

அளவும் வரைபடமும்

ஒரு சதுரத் தாளில் அறையை வரையுங்கள். கதவுக்கு அருகில் வாஷ்பேசின், நடுவில் கிளாசெட், கடைசியில் குளிக்கும் இடம். 5க்கு 7 அடியில் இதைவிடச் சிறந்த வரிசை எனக்குத் தெரியவில்லை. குளிக்கும் 3 அடி மட்டும் நனையும், மற்ற 4 அடி காய்ந்திருக்கும். நடுவில் கண்ணாடித் தடுப்பு வைக்க ஆசை வரும். எங்கள் ஊர்த் தண்ணீரில் வெள்ளைத் திட்டுப் படிந்து ஒரு வருடத்தில் அது மங்கிவிடும். குளிக்கும் இடத்தை அரை அங்குலம் தாழ்த்தினாலே போதும்.

கிளாசெட்டை இப்போது இருக்கும் சுவரிலேயே வையுங்கள். இடம் மாற்றினால் 4 அங்குலக் குழாயும் கூடவே போக வேண்டும். அதற்கு 40 அடிக்கு 1 அடி என்ற கணக்கில் சரிவு கொடுக்க வேண்டும். கீழ்த்தளத்தில் தோண்டிக்கொள்ளலாம். மாடியில் அந்த ஆழம் கிடைக்காது, கீழ் அறையின் சீலிங்கில் குழாய் தொங்கும்.

இந்தியனை யூரோப்பியனாக மாற்றும்போது பெரும்பாலும் பிழையாவது இங்கேதான். இந்தியன் கிளாசெட்டின் வெளிவாய் சுவரிலிருந்து எட்டி இருக்கும். யூரோப்பியனில் எஸ் டிராப் என்றால் கழிவு தரை வழியாகப் போகும், பி டிராப் என்றால் சுவர் வழியாகப் போகும். எஸ் டிராப்பிலும் சுவரிலிருந்து துளையின் நடுப்புள்ளி வரை 4 அங்குலம், 9 அங்குலம், 12 அங்குலம் என்று மாடலுக்கு மாடல் வேறுபடும். இந்த அளவு டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து எடுப்பது. வெறும் கல்லிலிருந்து அளந்தால் பூச்சும் டைல்ஸும் சேர்ந்து ஒரு அங்குலத்துக்கு மேல் தின்றுவிடும், கிளாசெட் உட்காராது. ஆகவே கிளாசெட்டை மட்டும் முதலிலேயே வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள். பிளம்பர் அதைப் பார்த்துக் குழாய் வைக்கட்டும்.

வயதானவர்கள் இருக்கும் வீடு என்றால் கைப்பிடிக் கம்பியை இப்போதே முடிவு செய்ய வேண்டும். வெட்டுக்கல்லில் பிளக் அடித்துத் திருகினால் ஒரு ஆள் பாரத்தைத் தாங்காது, கையோடு வந்துவிடும். கம்பி வரும் இடத்தில் கல்லை எடுத்துவிட்டு ஒரு கான்கிரீட் கட்டை வைத்துப் பூசச் சொல்லுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே யாராவது விழுந்து கதவை அடைத்துக் கிடந்தால் உள்பக்கம் தள்ளித் திறக்க முடியாது. என் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மக்ளே, சறுக்காத தரையா போடு, வேற ஒண்ணும் வேண்டாம்."

இடிப்பது

பாத்ரூமுக்குப் போகும் மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்துங்கள். கிளாசெட்டைக் கழற்றியவுடன் குழாய் வாயில் சாக்கை உருட்டி அடையுங்கள். ஒரு துண்டுச் செங்கல் உள்ளே விழுந்தால் வெளியே உள்ள சாக்கடைச் சேம்பர் வரை தோண்ட வேண்டியிருக்கும்.

பழைய டைல்ஸை முழுதாக எடுங்கள். மேலே ஒட்டினால் தரை உயரும், வாசலில் தண்ணீர் படுக்கையறைக்குள் வழியும், பழைய கசிவும் அப்படியே அடியில் இருக்கும். கொத்தும்போது வெட்டுக்கல் சுவரில் சுத்தியல் ஓங்கி அடிக்க விடாதீர்கள், பக்கத்துக் கல்லும் உதிரும். குழாய்க்குக் கட்டர் மெஷினால் இரண்டு கோடு இழுத்து, நடுவை மட்டும் தட்டி எடுக்கட்டும். அந்தப் பள்ளம் மேலிருந்து கீழாக இருக்கட்டும். கூரை பாரம் தாங்கும் சுவரில் குறுக்கே நீளமாக வெட்டினால் சுவர் பலம் இழக்கும்.

பின்பக்கச் சாய்ப்பில் கட்டிய பாத்ரூம் என்றால் மேலே கல்நார் ஷீட் இருக்கலாம். சில வீடுகளில் காற்றுக் குழாயும் அதே. உடைத்தால் கிளம்பும் தூசி நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் முழுதாகக் கழற்றி இறக்க வேண்டும்.

கான்கிரீட் கூரையில் துருப்பிடித்த கம்பி தெரிகிறதா என்று பாருங்கள். கடற்கரை ஊர்களில் இது சாதாரணம். ஒன்றிரண்டு இடம் என்றால் உதிர்வதைத் தட்டி எடுத்து, கம்பியைத் துரு போகத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த சாந்தால் மூடலாம். கம்பியே மெலிந்திருந்தால் கொத்தனாரோடு நிறுத்தாமல் ஒரு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

குழாயும் மின்சாரமும்

பழைய இரும்புக் குழாயில் ஒரு அங்குலம்கூட விட்டுவைக்காதீர்கள். பாதி மாற்றினால் மீதி அடுத்த வருடம் ஒழுகும், அதுவும் புது டைல்ஸுக்குப் பின்னால். சூடான தண்ணீருக்கு சிபிவிசி, பச்சைத் தண்ணீருக்கு யுபிவிசி. இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கலாம். வெந்நீர் லைனில் யுபிவிசி போட்டால் இளகி வளையும். மெயின் முக்கால் அங்குலம், குழாய்முனைகளுக்கு அரை அங்குலம்.

எங்கள் வீட்டு உயரங்கள் இவை. உங்கள் ஆட்களின் உயரத்துக்குக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். வாஷ்பேசின் விளிம்பு தரையிலிருந்து 32 அங்குலம். வாளிக் குழாய் 2 அடிக்குச் சற்று மேல், கீழே உங்கள் வாளியை வைத்துப் பார்த்தே குறியுங்கள். ஷவர் மிக்சர் மூன்றரை அடி, ஷவர் தலை ஆறே முக்கால் அடி. சுவர் மிக்சருக்கு வெந்நீர், பச்சைத் தண்ணீர் முனைகளின் நடுவுக்கு நடு 150 மில்லிமீட்டர். கிளாசெட்டுக்குப் பக்கத்துக் கைக்குழாய் உட்கார்ந்தபடி வலக்கை எட்டும் இடத்தில்.

பெரிய மழை ஷவர் வாங்கும் முன் மேல்தொட்டியைப் பாருங்கள். தண்ணீர் 33 அடி உயரத்தில் இருந்தால்தான் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். ஒற்றை மாடி வீட்டில் ஷவருக்கும் தொட்டிக்கும் 6, 7 அடிதான் வித்தியாசம். அதாவது 0.2 பார். அந்த அழுத்தத்தில் தட்டு அகல ஷவர் சொட்டத்தான் செய்யும். சின்ன ஷவர் வாங்குங்கள், அல்லது பிரஷர் பம்ப் வையுங்கள். நாங்கள் சின்ன ஷவரோடு நிறுத்திக்கொண்டோம்.

பூச்சு வேலைக்கு முன்னால் எல்லா முனையையும் அடைத்து, கைப்பம்ப்பால் அழுத்தம் ஏற்றி ஒரு இரவு விடச் சொல்லுங்கள். காலையில் மீட்டர் முள் இறங்கியிருக்கக் கூடாது. பிளம்பர் சலித்துக்கொள்வார். சலிக்கட்டும்.

மின்சாரத்தில் முதல் கேள்வி, வீட்டில் எர்த் இருக்கிறதா என்பது. பழைய வயரிங்கில் இரண்டே கம்பி ஓடியிருக்கலாம். 2 கிலோவாட் ஹீட்டர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும், அதற்கு மெயின் பெட்டியிலிருந்து தனி லைன், 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், 16 ஆம்பியர் பிளக். உடனடி ஹீட்டர் 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர், 4 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டுவிடுங்கள். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். கசியும் மின்சாரத்தைக் கண்டவுடன் துண்டிப்பது அதுதான். சுவிட்ச் எல்லாம் பாத்ரூமுக்கு வெளியே.

தண்ணீரைத் தடுக்கும் பூச்சு

இனி அவசரப்படக் கூடாது. எங்கள் முதல் வேலை கெட்டதே இதைத் தாண்டிப் போனதால்தான்.

கசிவு பெரும்பாலும் நானி டிராப்பையும் கிளாசெட் குழாயையும் சுற்றித்தான் தொடங்கும். பிளாஸ்டிக்கோடு சிமெண்ட் ஒட்டாது, காலப்போக்கில் இடையே மயிரிழை விடும். குழாயைச் சுற்றி ஒரு அங்குலம் கொத்தி, சுருங்காத சாந்தை வைத்து அடையுங்கள். அடுத்தது தரையும் சுவரும் சேரும் மூலை. அங்கே சாந்தால் ஒரு சரிந்த வளைவு கட்டினால் பூச்சு மடிந்து வெடிக்காது. அதன் மேல் வலைத்துணி டேப்.

மாடிப் பாத்ரூமில் குழாய் ஓடத் தாழ்த்திய தளம் இருந்தால் பழைய செங்கல் நிரப்பை முழுதாக அள்ளி வெளியே போடுங்கள். வருடக்கணக்கில் கசிந்த தண்ணீர் அதற்குள்தான் ஊறிக் கிடக்கிறது. தாழ்ந்த தளத்துக்கு ஒரு முறை, நிரப்பிய பிறகு மேல் தளத்துக்கு ஒரு முறை என்று இரண்டு அடுக்கில் பூச்சு வேண்டும்.

பூச்சுக்கு இரண்டு பாகமாக வரும் பாலிமர் சிமெண்ட் பொருள் நல்லது, பொடி ஒன்று, பால் போன்ற திரவம் ஒன்று. சுவரை லேசாக நனைத்துத் துடைத்துவிட்டு முதல் கோட், காய்ந்ததும் அதற்குக் குறுக்கே இரண்டாம் கோட். தரை முழுவதும், சுவரில் சுற்றி ஒரு அடி, குளிக்கும் இடத்தில் ஷவர் உயரம் வரை. இரண்டாம் கோட் ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலைத் தூவினால் சாந்து பிடிக்கச் சொரசொரப்பு கிடைக்கும். எத்தனை நாள் காய வேண்டும் என்று டப்பாவில் எழுதியிருப்பதை நீங்களே படியுங்கள்.

காய்ந்தபின் டிராப்பை அடைத்து இரண்டு அங்குலத் தண்ணீர் தேக்கி, பென்சிலால் கோடு போட்டு இரண்டு நாள் விடுங்கள். வெயிலில் ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) குறையலாம், அதற்கு மேல் குறைந்தால் மறுபடி தேடுங்கள். எங்களுக்கு முதல் தடவை அரை அங்குலம் இறங்கிவிட்டது. வாசற்படிக்கு அடியில் பூச்சு போகவே இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது.

இப்போது டைல்ஸ்

சரி, இப்போது கடைக்குப் போகலாம். 5க்கு 7 அடித் தரை 35 சதுர அடி. சுவரின் சுற்றளவு 24 அடி, 7 அடி உயரத்துக்கு 168 சதுர அடி. கதவைக் கழித்தால் சுமார் 150, உடைப்புக்கும் வெட்டுக்கும் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 165. 1க்கு 2 அடி டைல்ஸ் என்றால் 83. எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண், ஒரே ஷேடா என்று கடையிலேயே பாருங்கள். ஆறு டைல்ஸை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள், ஐந்து வருடம் கழித்து அந்த டிசைன் எங்கும் கிடைக்காது.

தரைக்குப் பளபளப்பில்லாத மேட் டைல்ஸ், 1க்கு 1 அடி. பெரிய டைல்ஸ் சரிவுக்கு மடியாது, சின்ன டைல்ஸில் இணைப்பு அதிகம், கால் வழுக்காது. கடையில் காய்ந்த டைல்ஸைத் தடவிப் பார்த்து ஏமாறாதீர்கள். கொஞ்சம் சோப்புத் தண்ணீர் ஊற்றி வெறுங்காலால் மிதித்துப் பாருங்கள். கடைக்காரர் சிரிப்பார், பரவாயில்லை. பத்மநாபபுரம் அரண்மனையின் கறுப்புத் தரை சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் போட்டது என்பார்கள், முகம் பார்க்கலாம் போல மின்னும். அந்த மினுமினுப்பு அரண்மனைக்குச் சரி, குளிக்கும் இடத்துக்குச் சரிவராது.

சரிவைத் தரைச்சாந்திலேயே கொடுத்துவிட வேண்டும். குளிக்கும் இடத்தில் அடிக்குக் கால் அங்குலம், மற்ற இடத்தில் அடிக்கு அரைக்கால் அங்குலம். டைல்ஸ் ஒட்டும் முன் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, எல்லா மூலையிலிருந்தும் டிராப்புக்கு ஓடுகிறதா என்று பார்த்தோம். பாத்ரூம் தரை படுக்கையறையைவிட ஒரு அங்குலமாவது தாழ்ந்திருக்கட்டும்.

விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சாது, வெறும் சிமெண்டில் பிடிக்காது, அதற்குப் பசைதான். சாதாரண செராமிக் சுவர் டைல்ஸைச் சாந்தில் பதிப்பதென்றால் முதலில் தண்ணீரில் ஊறப் போட வேண்டும். சுவரின் கீழ் வரிசையை விட்டு இரண்டாம் வரிசையிலிருந்து ரசமட்டம் பிடித்துத் தொடங்குங்கள். தரையைப் போட்டபின் கீழ் வரிசையைச் சரிவுக்கு ஏற்ப வெட்டித் தரை டைல்ஸின் மேல் உட்கார வைத்தால், வழியும் தண்ணீர் இணைப்புக்குள் இறங்காமல் தரைக்கு வந்துவிடும். இடைவெளி சுவரில் 2 மில்லிமீட்டர், தரையில் 3. இடைவெளியே இல்லாமல் ஒட்டினால் அழகு என்று சொல்வதைக் கேட்காதீர்கள். மறுநாள் ஒவ்வொன்றையும் நாணயத்தால் தட்டுங்கள், பொத்தென்று சத்தம் வந்தால் அன்றே எடுத்து மாற்றச் சொல்லுங்கள். தரைக்கும் குளிக்கும் சுவருக்கும் இடைவெளியை நிரப்ப எபாக்சி கிரவுட் போட்டோம். விலை அதிகம், ஆனால் கறுக்கவில்லை.

கதவு, குழாய், காற்று

மரக்கதவு வேண்டாம், கீழே ஊறும். யுபிவிசி அல்லது டபிள்யுபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) போதும். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி போலக் கடல் காற்று நேராக அடிக்கும் ஊர் என்றால் கைப்பிடி, கீல், திருகு எல்லாம் 316 தர எவர்சில்வரில் கேளுங்கள். 304ம் நாளடைவில் பழுப்புப் புள்ளி போடும். விலை குறைந்த குரோம் பூச்சுக் குழாய்கள் அங்கே சீக்கிரம் கொப்புளித்துவிடும். ஜன்னலுக்கு அலுமினியக் கண்ணாடிப் பட்டைகள், மேலே 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன். ஃபேன் இழுக்கக் காற்று உள்ளே வர வேண்டும், கதவின் அடியில் அரை அங்குலம் விடுங்கள்.

ஹீட்டரைக் குளிக்கும் இடத்துக்கு நேர் மேலே மாட்டாதீர்கள். 15 லிட்டர் ஹீட்டர் தண்ணீரோடு சேர்த்து 20 கிலோவைத் தாண்டும், வெட்டுக்கல் சுவரில் அதற்கும் கான்கிரீட் கட்டையோ மறுபக்கம் வரை போகும் போல்ட்டோ வேண்டும்.

கழுவுவதற்கு ஆசிட் வேண்டாம். கிணற்றில் இரும்பு கலந்து பழுப்புக் கறை படிந்தாலும், உப்புத் தண்ணீரில் வெள்ளை படிந்தாலும் முதலில் கை போவது ஆசிட் பாட்டிலுக்குத்தான். அது கறையோடு சேர்த்து சிமெண்ட் கிரவுட்டையும் குரோம் பூச்சையும் தின்னும். எலுமிச்சை உப்பைக் கரைத்துப் பத்து நிமிடம் விட்டுத் தேய்த்தால் வெள்ளைப் படிவு போகும்.

நாங்கள் தப்பாமல் செய்த ஒரு காரியம் உண்டு. பூச்சுக்கு முன்னால், குழாயும் வயரும் திறந்து கிடந்தபோது, ஒவ்வொரு சுவரிலும் டேப்பை நீட்டிப் பிடித்துப் படம் எடுத்து வைத்தோம். போன மாதம் டவல் கம்பி மாட்ட வந்த பையன் டிரில்லை வைத்த இடம், படத்தில் பார்த்தால், சரியாக வெந்நீர்க் குழாயின் மேல். நாலு அங்குலம் தள்ளித் துளை போட்டோம்.